ஐந்து நாற்பத்தொன்று, எட்டாவது நொடி

ஜூன் 2, திங்கள்

கணினியில் எதை மாற்றினாலும் அன்றைக்கே நோட்டில் எழுதிவிட வேண்டும். எந்தக் கோப்பு, எந்த வரி, எத்தனை மணி. எழுதாதவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று என்னோடு வேலை செய்யும் டெல்பினிடம் நூறு முறை சொல்லியிருப்பேன். அவளும் நூறு முறை "சரிங்க சார்" என்றிருக்கிறாள். இது என்னுடைய பதினோராவது நோட்டு. வீட்டுச் சங்கதிகளும் நடுவே வந்து விழுந்துவிடும். என் மனைவி கோமு இதை "உங்க ஜாதகம்" என்பாள்.

இன்றைய மாற்றம்: டெல்பின் மேசையில் டெர்மினல், அதாவது கணினிக்குக் கட்டளைகளைத் தட்டும் சன்னல். மாசிலாமணி சார் பாஷையில் "அந்தக் கறுப்புப் பெட்டி". அவர் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் கடற்செய்தி மையத்தின் தலைவர். லினக்ஸ் என்றால் ஏதோ இருமல் மருந்து என்று நினைத்திருந்தவரை நான்தான் இந்தப் பக்கம் இழுத்து வந்தேன்.

அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் இரண்டு சர்வர்களுக்குள் நுழைகிறோம். ஒன்று லைவ். பதினோரு கடற்கரை ஊர்களில் நாலாயிரம் போன்களுக்கு, மறுநாள் கடல் மோசமாக இருக்கும் என்றால் மாலை ஏழு மணிக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்புவது. மற்றொன்று டெஸ்ட். புதுச் செய்திகளை எங்கள் மூன்று போன்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது. வீட்டுக்குப் போகும் முன் டெல்பின் டெஸ்டை நிறுத்திவிட்டுப் போவாள், இல்லாவிட்டால் அது கண்ட நேரத்தில் எங்கள் போன்களை அலறவிடும்.

அவள் டெர்மினல் பார்க்கச் சகிக்காமல் இருந்தது. மேலே ஓடும் தலைப்புப் பட்டையை எடுத்தேன். டேப்களின் பெயர் வரும் பட்டையை மறைத்தேன். ஒவ்வொரு வரிக்கு முன்னும் வரும் சர்வர் பெயரைச் சுருக்கி ஒரு சின்ன அம்புக்குறி ஆக்கினேன். பின்னணி இரண்டுக்கும் கருநீலம். முதல் டேப் டெஸ்ட், இரண்டாவது லைவ். வரிசை மனதில் இருந்தால் போதும். துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கிறது சன்னல்.

"சார், லைவ் மட்டும் செவப்பா இருந்தா நல்லா இருக்கும்லா? பாத்ததும் தெரியும்" என்றாள்.

"செவப்பு, பச்சை, மஞ்சளா? இது என்ன தேர்தல் மேடையாம்மா?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று மூன்று நிமிடம் பிசகி ஓடுவதைச் சரிசெய்தேன். என் மேசை யு.பி.எஸ். செத்துக் கிடப்பதால் டெல்பின் இருக்கையில் உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு கட்டளைகள். அதையே இரண்டு சர்வரிலும் இரண்டு முறை தட்டுவது மடையன் வேலை. டெர்மினலில் பிராட்காஸ்ட் என்று ஒரு வசதி உண்டு, ஒரு டேப்பில் தட்டினால் திறந்திருக்கிற எல்லா டேப்புக்கும் போகும். நடுவில் இரண்டு முறை மூடித் திறக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு தடவையும் முடுக்குவானேன் என்று அமைப்புக் கோப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டேன். திறந்தாலே பிராட்காஸ்ட்.

டெல்பின் அப்போது மாசிலாமணி சார் அறையில் நாளைய செய்தியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கள்ளக்கடலாம். காற்றே இல்லாமல், எங்கோ தூரத்துப் புயலில் பிறந்து வந்து கரையோரத்தில் திடீரென்று எழும்பும் அலை. "விடியும் முன் வள்ளம் இறக்க வேண்டாம்" என்பதை எங்கே போடுவது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் வரியில் என்று முடிவாயிற்று.

ஐந்து மணிக்கு இரண்டு கடிகாரமும் நொடி பிசகாமல் ஒன்றாயின. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அப்போது கோமு போன். சிலிண்டர் வந்துவிட்டது, ரெகுலேட்டர் மாட்ட வரவில்லை, பாதி வெந்த குழம்பு அடுப்பில். அப்படியே எழுந்து ஓடினேன்.

ஜூன் 4, புதன்

நேற்று மாலைச் செய்தி போகவில்லை.

தாழைமுனையில் கஸ்பார் என்பவருடைய ஃபைபர் வள்ளத்தை விடியும் முன்பே அலை தூக்கிக் கவிழ்த்துவிட்டது. கூடப் போன இருவர் நீந்திக் கரையேறிவிட்டார்கள். கஸ்பாரின் தோளில் வள்ளத்தின் விளிம்பு விழுந்திருக்கிறது. வலது தோள் நொறுங்கியிருக்கிறதாம். வயது ஐம்பத்திரண்டு. பின்னால் போனவர்கள் அலையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். இவர் இருட்டோடு முதலில் போனவர்.

எட்டரைக்கெல்லாம் மாசிலாமணி சார் கூப்பிட்டார். லைவ் சர்வரின் லாக்கை, அதாவது நடந்ததையெல்லாம் அது தானே எழுதிவைக்கும் கோப்பை, திறந்து பார்த்தோம். அனுப்பும் நிரல் நேற்று மாலை 5:41:08க்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. டெல்பின் மேசையிலிருந்து. செய்தி போனால்தான் எங்களுக்குத் தகவல் வரும். போகாவிட்டால் சத்தம் போட ஒன்றுமில்லை.

"டெஸ்ட்னு நெனச்சு லைவை நிறுத்திட்டா" என்றார் சார். நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

டெல்பின் ஒன்பதரைக்குத்தான் வந்தாள். அதற்கு முன் அவள் மேசையில் எழுத்துரு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

மாற்றம்: எதுவுமில்லை.

ஜூன் 5, வியாழன்

விசாரணை என்று பெயர். மாசிலாமணி சார், நான், டெல்பின். மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி.

"நான் ஒரு தடவதான் சார் தட்டுனேன். டெஸ்ட்லதான் தட்டுனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

சார் என்னைப் பார்த்தார். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: "மறுபடி நடத்திக் காட்ட முடியாத பிழை பிழையே இல்லை. என்ன செஞ்சியோ அதையே திரும்பச் செஞ்சு காட்டும்மா."

உட்கார்ந்தாள். டெர்மினலைத் திறந்தாள். இரண்டு சர்வருக்குள்ளும் நுழைந்தாள். முதல் டேப்பில் நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். டெஸ்ட் நின்றது. இரண்டாவது டேப்புக்குப் போனாள். லைவ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா. டெஸ்ட்ல தட்டினா டெஸ்ட்தான் நிக்கும்" என்றார் சார், கோபமில்லாமல். கணக்கைத் தப்பாகப் போட்ட மாணவியிடம் பேசுகிற குரல்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வழக்கமா லைவ்ல வேலை முடிஞ்சதும் அத மூடிருவேன் சார். அன்னைக்கு மூடலை போல. நாந்தான் போல" என்றாள். பிறகு, "அந்த அண்ணன் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

யு.பி.எஸ். பேட்டரி மாற்றியாயிற்று. கோமு சுண்டவத்தல் குழம்பு வைத்திருந்தாள். பிடித்த குழம்புதான்.

ஜூன் 9, திங்கள்

ஞாயிறன்று பூசை முடிந்து டெல்பின் இரண்டு பஸ் மாறித் தாழைமுனை போய் வந்திருக்கிறாள். ஒரு கிலோ ஆரஞ்சு. கஸ்பாரின் வீட்டுக்காரி பெயர் சேசம்மாளாம். வாசலில் நின்று, "நாந்தான் அன்னைக்கு மெசேஜை நிறுத்துனவ, மன்னிச்சிருங்க" என்று சொன்னாளாம். வேலைக்கு வந்த உடனே என்னிடம்தான் இதைச் சொன்னாள். நான் எதற்கு? சாரிடம் சொல்லலாமே.

ஜூன் 10, செவ்வாய்

உருப்படியாக ஒரு வேலை. டெல்பின் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை: டெர்மினலில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. டெர்மினல் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் போட்டு வைத்திருப்பது. ஆங்கிலம் கட்டத்துக்குள் சமர்த்தாக உட்காரும். நம் கொம்பும் காலும் உட்காருமா? "கொந்தளிப்பு" என்பதில் கொம்பு ஒரு கட்டத்தில், ககரம் ஒரு கட்டத்தில், கால் பக்கத்து எழுத்தின் தலையில். செய்தியைப் போகுமுன் சரிபார்க்க வேண்டியவள் இதைத்தான் இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆறு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒன்றில் புள்ளிகள் பறந்தன, ஒன்றில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கடைசியில் எழுத்துருவில் இல்லை கோளாறு, இந்த டெர்மினலுக்கே எழுத்தைச் சேர்த்து வரையத் தெரியாது என்று புரிந்தது. வேறொன்றை நிறுவி, எழுத்தளவைப் பதினான்காக்கி, வரி இடைவெளியைக் கூட்டினேன். "கொந்தளிப்பு" கொந்தளிப்பாகவே வந்தது. பழைய டெர்மினலை அவள் மேசையிலிருந்து நீக்கினேன், அதன் அமைப்புக் கோப்போடு.

"எவ்வளவு நல்லா தெரியுது சார்! நான் செஞ்ச காரியத்துக்கு வேற யாரா இருந்தாலும் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டாவ. நீங்க எனக்காவ நாள் பூரா உக்காந்திருக்கீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் கீபோர்டில் தூசி ஊதினேன்.

ஜூன் 13, வெள்ளி

எழுதிவிடுகிறேன். என் ஜாதகத்தை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்.

இன்று டெஸ்ட் சர்வரின் லாக்கைத் திறந்து பார்த்தேன். இதுவரை யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் லைவைத்தான் பார்த்தார்கள். டெஸ்டிலும் அதே கட்டளை, அதே மேசை, 5:41:08. அதே நொடி. இரண்டு கடிகாரமும் நொடி பிசகாதவை, நானே உத்தரவாதம். ஒரு மனுஷி ஒரு டேப்பில் தட்டிவிட்டு அடுத்த டேப்புக்குப் போய் அதே நொடியில் இன்னொரு முறை தட்ட முடியாது. அவள் ஒரு தடவைதான் தட்டினாள். டெஸ்டில்தான் தட்டினாள்.

பிராட்காஸ்ட்டை நான் அணைக்கவில்லை. லைவை நான்தான் திறந்தபடி விட்டுப் போனேன். பிராட்காஸ்ட் ஓடும்போது தலைப்புப் பட்டை சிவப்பாக மாறி எச்சரிக்கும், அதற்காகத்தான் அந்தப் பட்டையே இருக்கிறது. அழகாக இல்லை என்று அதை எடுத்தவனும் நான்தான்.

நாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, அவள் வருவதற்கு முன், அந்த ஒரு வரியை அழித்தேன். அதனால்தான் அவளால் மறுபடி நடத்திக் காட்ட முடியவில்லை. பதினோரு நோட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரே மாற்றம் அது.

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? பதினெட்டு வருடப் பேர். கஸ்பார் வீட்டார் நாளைக்கே வாசலில் நிற்பார்கள். டெல்பினைப் பார்த்து யாரும் சத்தம்கூடப் போடவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அவளுக்கு வந்த நஷ்டம் என்ன?

லாக் இருபத்தெட்டு நாள் இருக்கும். அதற்குப் பிறகு தானாகவே அழியும். அப்படி அமைத்ததும் நான்தான், வருடக்கணக்கில் முன்பு, இடத்தை மிச்சப்படுத்த. மூன்றாம் தேதி லாக் ஜூலை 1 அன்று போய்விடும்.

ஜூன் 15, ஞாயிறு

டெல்பின் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து என் பைக்கில் தாழைமுனைக்குக் கொண்டுவிட்டேன். நான் உள்ளே போகவில்லை, வண்டிக்கு நிழல் பார்க்க வேண்டியிருந்தது. சன்னல் வழியே பேச்சு கேட்டது.

"எம்மா, நீ எதுக்கு வாரா வாரம் வந்து அழுதுக்கிட்டு நிக்க? அன்னைக்கு எம்போன்ல சார்ஜே கெடையாது. மெசேஜ் வந்திருந்தாலும் நான் பாத்திருக்க மாட்டேன்" என்றார் கஸ்பார்.

பைக்கில் சாய்ந்து நின்றபடி அதைக் கேட்டேன். பதினொரு நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போயிற்று. செய்தி போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அப்படியானால் இது யார் குற்றமும் இல்லை. வரும் வழியில் டெல்பினுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

"அவிய சும்மா சொல்லுதாவ சார், நான் அழப்பிடாதுன்னு" என்றாள். இளநீரைப் பாதியில் வைத்துவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

மாற்றம்: எல்லா மேசையிலும் லைவ் டேப்புக்குச் சிவப்புப் பின்னணி. வரிக்கு முன் சர்வர் பெயர், பெரிய எழுத்தில். தலைப்புப் பட்டை திரும்ப வந்தது. நிறுத்தும் கட்டளையைத் தட்டினால் "நிச்சயமா?" என்று கேட்கும்படி ஒரு சின்ன நிரல். ஆறரைக்கு லைவ் ஓடாவிட்டால் மூன்று போனும் அலறும்.

மாசிலாமணி சார் என் முதுகில் தட்டினார். "ஒருத்தர் செஞ்ச தப்புலேர்ந்து ஊருக்கே பாதுகாப்பு பண்ணிட்டீங்க குருபரன்."

சிவப்பை முதலில் கேட்டவள் பக்கத்தில்தான் நின்றாள். அதை ஞாபகப்படுத்துவாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், அது எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

டெல்பின் இப்போது ஒரு விரலால் தட்டுகிறாள். நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பவள். ஒவ்வொரு கட்டளையையும் தட்டிவிட்டு வாய்விட்டுப் படிக்கிறாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு என்டருக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறாள்.

"சார், ஒரு நிமிசம் பாத்துச் சொல்லுங்க. இது டெஸ்ட்தானே?"

சன்னல் நீலமாக இருக்கிறது. தலைப்பில் டெஸ்ட் என்று எழுதியிருக்கிறது. "டெஸ்ட்தாம்மா" என்கிறேன். அதற்குப் பிறகுதான் தட்டுகிறாள். இன்று மட்டும் இருபத்தாறு தடவை. எண்ணினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்: வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறாளாம். ஒருநாள் நாலு முறை. "எனக்கு ஞாபகம் இருக்குன்னு நான் நெனச்சா, அது நெசமான்னு தெரிய மாட்டேங்கு சார். அன்னைக்கும் அப்பிடித்தானே நெனச்சேன்."

அவளுக்கு வந்த நஷ்டம் என்ன என்று பதின்மூன்றாம் தேதி கேட்டிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

சாருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதினான்கு வரி. அனுப்பவில்லை, சேமித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை டெல்பினின் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். அதற்குள் அனுப்பினால் போதும்.

கோமு சொன்னாள், "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. என்னத்த வச்சிக்கிட்டு இப்பிடி மெலியுதீங்க?" சுகர் கூடியிருக்கும் என்றேன்.

ஜூன் 30, திங்கள்

புதுப்பிக்கிறேன் என்றுதான் சார் சொன்னார். டெல்பின்தான் வேண்டாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறாள். எனக்கும் ஒரு பிரதி. "ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்க எனக்குக் கவனம் போதாது." அவள் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். நான் பார்த்ததிலேயே கவனமான ஆள் அவள்தான்.

மேசையைத் துடைத்து வைத்தாள். தண்ணீர்க் குப்பி, ஒரு சின்ன மாதா படம், இரண்டு வருட நோட்டுகள். எல்லா நோட்டிலும் எந்தக் கோப்பு, எந்த வரி, எத்தனை மணி. என்னிடம் கற்றது.

"நோட்டை ஒங்ககிட்டயே வச்சிட்டுப் போறேன் சார். புதுசா வாரவங்களுக்கு ஒதவும்."

மின்னஞ்சல் இன்னும் அதே பெட்டியில் கிடந்தது. என் கைக்கும் அந்தப் பொத்தானுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. நான் கோழை. இதை வேறு எப்படிச் சுற்றி எழுதினாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் பார்த்தேன். டெஸ்டின் ஜூன் 3 லாக் இல்லை.

நிம்மதி வரும் என்று இருபது நாளாக நம்பியிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஆளில்லை. "இது டெஸ்ட்தானே?" என்று கேட்க யாருமில்லை. மத்தியானம் நானே ஒரு கட்டளையை வாய்விட்டுப் படித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன்.

ஜூலை 2, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். பிராட்காஸ்ட், தலைப்புப் பட்டை, நாலாம் தேதி காலையில் அழித்த வரி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குருபரன், உங்க மனசு யாருக்கும் வராது. அந்தப் புள்ள போறது உங்களுக்குத் தாங்கல. அதுக்காக அவ பழிய நீங்க தூக்கித் தலையில போட்டுக்கணுமா?"

"இல்ல சார், நெசமாவே நான்தான்."

"லாக் இருக்கா?"

"நேத்து அழிஞ்சிட்டு."

"அந்த வரி?"

"நான்தான் அழிச்சேன்னு சொன்னேனே சார்."

"பாத்தீங்களா" என்று சிரித்தார். "அவளே நடத்திக் காட்டுனாளே, டெஸ்ட் மட்டும்தானே நின்னுச்சு? நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க, நடத்திக் காட்ட முடியாத பிழை பிழையே இல்லைன்னு." டீ வரவழைத்துக் கொடுத்தார். எனக்கு! அந்த டீயைக் குடித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

பூட்டைத் திறக்க வந்தவரிடம் சாவி வாங்கி ஏழு மணிக்கே உள்ளே போனேன். நீக்கிய பழைய டெர்மினலை டெல்பின் மேசையில் திரும்ப நிறுவினேன். இரண்டாம் தேதிப் பக்கத்தையும் மூன்றாம் தேதிப் பக்கத்தையும் பார்த்து ஒவ்வொரு மாற்றமாகச் செய்தேன். தலைப்புப் பட்டை நீக்கம். டேப் பட்டை மறைப்பு. அம்புக்குறி. கருநீலம். கடைசியாக அந்த வரி. லைவை ஒட்டி ஒரு நகல் சர்வரை எழுப்பி இரண்டாவது டேப்பில் அதைத் திறந்தேன். இந்தத் தடவை யாருடைய தோளும் உடையக்கூடாது.

டெல்பினுக்கு போன் செய்து வரச் சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை. வந்தாள். சார் நின்றார்.

"அன்னைக்கு என்ன செஞ்சியோ அதையே செய்யும்மா. இன்னொரு தடவ மட்டும்."

"எனக்குப் பயமா இருக்கு சார்."

"இது லைவ் இல்ல. நகல். சத்தியமா."

ஒரு விரலால் தட்டினாள். வாய்விட்டுப் படித்தாள். என்னைப் பார்த்தாள். "டெஸ்ட்தானே?"

"டெஸ்ட்தான்" என்றேன்.

என்டர். டெஸ்ட் நின்றது. "அடுத்த டேப் பாரும்மா" என்றேன். மாற்றினாள். அவள் தொடாத சன்னலில், அவள் தட்டிய அதே வரி, எழுத்துக்கு எழுத்து. கீழே "நிறுத்தப்பட்டது".

சார் குனிந்து பார்த்தார். "இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவரே தட்டினார். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டெல்பின் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் ஒரு தடவதான் தட்டுனேன்."

"ஆமா."

"ஒங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நாலாந்தேதி காலையிலேர்ந்து."

"நான் நடத்திக் காட்டும்போது தெரியும்." அது கேள்வியில்லை. "ஆரஞ்சு வாங்கிட்டுப் போகையில தெரியும். பைக்ல கொண்டு விடும்போது தெரியும். இளநி வாங்கித் தரும்போது…" திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சாரிடம் போய்த் தன் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். என் மேசைக்கு வந்து தன் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டாள்.

போகும்போது என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம தாழமுனைக்கு நீங்க போங்க."

மாற்றம்: லைவ் சர்வரின் கடவுச்சொல் இன்று முதல் டெல்பினிடம். என் விஷயத்தை மையத்தின் குழு அடுத்த வாரம் முடிவு செய்யும்.

ஜூலை 6, ஞாயிறு

பஸ்ஸில் போனேன். இரண்டு பஸ். ஒரு கிலோ ஆரஞ்சு.

கஸ்பார் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் தூண்டில் நரம்பின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. "அந்தப் புள்ள வரலியா?" என்று கேட்டார். சேசம்மாள் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். டெர்மினல், டேப், பிராட்காஸ்ட் ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "அவ நிறுத்தல. நான் ஒரு வேலையப் பாதியில விட்டுட்டுப் போனதால நின்னுச்சு. அது தெரிஞ்சும் ஒரு மாசம் வாயத் தொறக்கல." இவ்வளவுதான். எழுதும்போதும் இவ்வளவுதான் வருகிறது.

நரம்பைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் போன்ல சார்ஜ் இருந்துச்சு" என்றார். "எட்டு மணி வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணும் வரலன்னா கடல் நல்லாருக்குன்னு அர்த்தம்னு போனேன். அந்தப் புள்ள அழுததுனால மாத்திச் சொன்னேன்."

சேசம்மாள் உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டில் யாரோ மீன் அலசும் சத்தம். கஸ்பார் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம்.

"நாலு ஞாயிறு வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு சார் அது. நானும் நாலு தடவையும் மனசாரக் குடுத்தேன். அது ஒரு தப்பும் பண்ணலன்னா, நான் குடுத்தது யாருக்குப் போச்சு?"

எனக்குப் போகவில்லை. அது மட்டும் தெரிந்தது. ஆரஞ்சுப் பையைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.